நடைபாதையில் நீட்டிய கால்

அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிக்கு வழிவிடப் போய், ஸ்கூட்டரோடு பள்ளத்தில் விழுந்தேன். லாரி என்னைத் தொடவேயில்லை. தன்னைக் கண்டு பயந்து ஒருவன் தொடையை உடைத்துக்கொண்ட விஷயம் அதற்கு இன்றுவரை தெரியாது.

பிளேட் வைத்த டாக்டர், முட்டியை மடக்கிப் பழகச் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆப்பிளோடு ஒரே அறிவுரையைக் கொண்டுவந்தார்கள்: "காலை மட்டும் அசைச்சிடாதீங்க." டாக்டர் ஒருவர், வந்தவர்கள் ஊர் முழுக்க. நான் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டுத் தலையணைமேல் காலை நீட்டிப் புத்தகம் படித்தேன். சில மாதங்களில் ஆட்கள் வருவது நின்றுபோனது. முட்டி மட்டும் அவர்கள் பேச்சை மீறாமல் விறைத்துக் கிடந்தது.

புத்தி வர இரண்டு வருடம் ஆனது. எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. பஸ்ஸில் எல்லாரையும்போலக் காலை மடக்கி ஜன்னலோரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஒருநாள் விட்டு ஒருநாள் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு, பிசியோதெரபி செய்யும் ஓர் அம்மாவிடம் போனேன். "வலிச்சா கத்துங்க சார், கெட்ட வார்த்தை மட்டும் வேணாம்" என்பார்.

போகவர ஒரே பஸ். கடைசி வரிசையின் நடுவில், நடைபாதைக்கு நேராக இருந்த இருக்கையில்தான் என் கால் கொள்ளும். கண்டக்டர் அதை எனக்குப் பிடித்து வைப்பார். பின்வாசலில் ஏறுகிறவர்கள் என் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். முந்திரிப் பருப்பு விற்கிற பெண்ணொருத்தி கூடையோடு நின்று கேட்டாள்:

"இது என்னண்ணே, ரயில்வே கேட்டா? கொஞ்சம் தூக்குறது."

"தூக்க முடிஞ்சா அவரு ஏன் பெரம்பலூருக்கு அலையறாரு?" என்றார் கண்டக்டர்.

அதிலிருந்து என் முட்டி அந்த பஸ்ஸின் பொதுச்சொத்து. "இன்னிக்கு எவ்ளோ மடங்குச்சு?" என்பாள். கையை வளைத்துக் காட்டுவேன். "ஏமாத்தாதீங்க. முந்தாநாளும் இவ்ளோதான் காட்டுனீங்க."

வீட்டில் குதிகாலில் துண்டை மாட்டி நானே இழுக்கும்போது, போடுகிற சத்தத்துக்கு ஏனென்று கேட்க ஆளில்லை. நாளைக்கு பஸ்ஸில் சொல்ல ஏதாவது வேண்டுமே என்றுதான் இன்னும் கொஞ்சம் இழுப்பேன்.

ஒருநாள் பிசியோதெரபி அம்மா, "இனி நீங்க வர வேணாம் சார், வீட்லயே செஞ்சுக்கலாம்" என்றார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முட்டி முன்சீட்டுக்குப் பின்னால் ஒழுங்காக நுழைந்துகொண்டது. கூடைக்காரி பார்த்துவிட்டு, "அட, மடங்கிடுச்சு. நல்லதுண்ணே" என்று சொல்லி, முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து நகர்ந்தார். பக்கத்தில் இருந்தவர் காதில் ஒயர் மாட்டியிருந்தார். ஜன்னலுக்கு வெளியே சோளக்கொல்லை போயிற்று. பிறகு சிமெண்டுத் தூசி படிந்த கருவேலம். பார்க்க ஒன்றுமில்லை என்பது ஆசைப்பட்டபோது தெரியவில்லை.

பாதி வழியில் கடைசி வரிசை நடு இருக்கை காலியானது. எழுந்து போய் உட்கார்ந்து காலை நீட்டினேன்.

கண்டக்டர் வந்து காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மடங்குதுல்ல சார்?"

"மடங்குது."

"அப்ப உள்ள இழுத்துக்கங்க. அடுத்த ஸ்டாப்புல ஜனம் ஏறும்."

இழுத்துக்கொண்டேன். வலிக்கவேயில்லை.