அக்கா வீட்டு வெளிச்சம்

எங்கள் பக்கத்துத் தெருக்களில் அவருக்குப் பெயர் யூனிட். மின்சார அலுவலகத்தில் வேலை. வீடு வீடாகப் போய், கரண்ட் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொல்லுவார், சொல்லுவார், காதில் ரத்தம் வரும்வரை சொல்லுவார். ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்தீர்களா, தொலைந்தீர்கள். டி.வி.யை ரிமோட்டில் மட்டும் அணைத்தீர்களா, அன்றைக்கு அரை மணி நேரம் பாட்டு. வாசலில் நிற்கும் பைக்கைக்கூட விடமாட்டார். டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "காத்தே இல்ல சார், பாதி பெட்ரோலை ரோட்டுல ஊத்திட்டுப் போறீங்க" என்பார். அவருடைய பேட்டரி ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பினாலே, "யூனிட் வர்றாரு, ஃபேனை நிறுத்து" என்று வீடுகளுக்குள் குரல் கேட்கும்.

நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவருடைய அக்காவின் கண் போனதில் அவருக்கும் பங்கு உண்டு. அவரே அப்படித்தான் சொல்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அக்கா பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கணவர் இறந்தபின், தம்பி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று, அதுதான் துணை. கிழிந்தது, தொளதொளத்தது, நீளமானது எல்லாம் அவளிடம் வரும். "எங்கூட வந்து இருந்துடேன்" என்று தம்பி கூப்பிட்டால், "கண்ணு தெரியுது, கை ஓடுது. நான் எதுக்குடா உன் வீட்டு மூலையில உக்காரணும்?" என்பாள்.

இரண்டு வருஷம் முன்பு யூனிட் அந்த வீட்டு அறுபது வாட் குண்டு பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு, ஒன்பது வாட் எல்.இ.டி. பல்புகளை மாட்டினார். ஒரு வாரம் கழித்து, டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே அக்கா மெதுவாக ஆரம்பித்தாள்.

"டேய், கோவிச்சுக்காதே. உன் பல்பு கொஞ்சம் மங்கலா இருக்குடா."

போதாதா! டீ ஆறியது. பையிலிருந்து வெளிச்சம் அளக்கும் மீட்டர் வந்தது. ஜன்னலைச் சாத்தி, பழைய குண்டு பல்பைத் தேடியெடுத்து மாட்டி, தையல் மெஷின் பலகைமேல் மீட்டரை வைத்து அளந்தார். பிறகு புதியதை மாட்டி அளந்தார்.

"அது முந்நூத்திப் பத்து. இது முந்நூத்தி முப்பது. இப்ப சொல்லு, எது மங்கல்?"

அக்கா மீட்டரையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள். யூனிட்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அட மனிதா! வெளிச்சம் கூடியிருக்கிறது, அவளுக்கு மட்டும் குறைந்து தெரிகிறது என்றால், கோளாறு வேறு எங்கே இருக்க முடியும்? நூறு வீட்டில் ஓட்டை கண்டுபிடிக்கிறவருக்கு இது தோன்றவில்லையே! தன் பல்பைக் குறை சொல்லிவிட்டாளே என்ற ரோஷம்தான் அன்றைக்குக் கண்ணை மறைத்தது.

அதற்கப்புறம் அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் டம்ளரைத் தட்டிவிடுவாள், நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். "என்னக்கா, கதவு நேத்துதான் முளைச்சுதா?" என்று யூனிட் கிண்டல் செய்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

மாதாமாதம் அந்த வீட்டுக் கரண்ட் செலவு இறங்கியது. ஒரே வருஷத்தில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. யூனிட்டுக்குத் தலைகால் புரியவில்லை. போகிற வீட்டிலெல்லாம் இதே பேச்சுதான். "எங்க அக்காவைப் பாருங்க. படிக்காதவங்க. நான் ஒரு தடவை சொன்னதைப் பிடிச்சுக்கிட்டாங்க!"

அவள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. தையல் கோணியதால் மெஷினை நிறுத்திவிட்டாள். மடிப்புத் தெரியாததால் அயர்ன் பாக்ஸைத் தொடவில்லை. டி.வி. வெறும் புகைமூட்டமாகத் தெரிந்தது. விளக்கைப் போட்டாலும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்பதால், பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவாள். வந்த துணிகளையெல்லாம், "இடுப்பு வலி, கொஞ்ச நாள் போகட்டும்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். இதெல்லாம் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்கு அடுத்த வருஷம் அலுவலகத்தில் மின்சாரம் சேமித்த வீடுகளுக்குப் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு அக்காவுக்கு. யூனிட் தன் ஸ்கூட்டரிலேயே அவளை உட்கார வைத்து அழைத்துப் போனார். ஒரு பெண் ஊழியர் கையைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார். பெரிய அதிகாரி பக்கவாட்டில் நின்று கேடயத்தை நீட்டினார். அக்கா நேரே பார்த்துச் சிரித்தபடி, எதிரே யாருமில்லாத இடத்தில் இரண்டு கையையும் நீட்டினாள்.

கூச்சத்தில் தடுமாறுகிறாள் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது. முதல் வரிசையில் இருந்த யூனிட்டின் கை மட்டும் பாதியில் நின்றுவிட்டது.

அங்கிருந்து நேரே கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"என்னத்தடா சொல்றது? நீதான் மீட்டரை வெச்சே காட்டிட்டியே. சரி, வயசானா எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்போலன்னு விட்டுட்டேன்."

அந்த முந்நூற்று முப்பது அவருக்கு நினைவுக்கு வந்தது.

உள்ளே டாக்டர் வெகு நேரம் சோதித்துப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு வாடிவிட்டதாம். வலிக்காதாம், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வருமாம். வலது கண்ணில் பார்வை போய்விட்டது. இடது கண்ணில் சாவித் துவாரம் அளவுதான் மிச்சம், அதையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். போனது போனதுதான்.

"எப்ப இருந்து மங்கலாத் தெரியுது?"

"இப்பத்தான் டாக்டர். ஒரு ரெண்டு மூணு மாசமா" என்றாள் அக்கா, படபடவென்று.

"இல்ல டாக்டர்" என்றார் யூனிட். "ரெண்டு வருஷம் ஆச்சு. அப்பவே சொன்னாங்க. நான்தான் பல்பு சரியா இருக்குன்னு சொல்லிட்டேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவரை ஏறிட்டுப் பார்த்தார். "அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ரெண்டு கண்ணையுமே காப்பாத்தியிருக்கலாமே!"

யூனிட் நாற்காலியில் குனிந்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அழுகைச் சத்தம் கேட்டதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர். நான் பல்பு மங்கலா இருக்குன்னுதான் சொன்னேன். அவனும் பல்பைத்தான் பார்த்தான். அவன் மேல என்ன தப்பு?"

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. தம்பியை யாரும் திட்டிவிடக் கூடாது என்றுதான் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.