ஒரு நாள் மருமகள்

கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த பிறகு நான் குடியிருந்தது அரியூர் நாடு என்கிற மலை ஊரில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில். வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்கள். அவர் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர், ஓயாமல் பேசுவார். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா கேட்டதற்குப் பதில் சொல்வார், அதோடு சரி. ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"இங்க யாருகிட்ட என்னத்தச் சொல்றது கண்ணு. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்குது" என்றார்.

எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். வாரம் முழுக்க மலையில் தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழே இறங்கிப் போய்விடுவார். நாமக்கல்லில் ரயில் ஏறினால் சேலத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். அங்கேதான் அவர் புகுந்த வீடு. பூந்தோட்டம் வைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை வந்து பாருங்கள் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு டீச்சர், எங்க அத்தை முன்னாடி மட்டும் பாத்துப் பேசுங்க. அவங்களுக்குப் பொய்யே ஆகாது. தலவலின்னு படுத்தாக்கூட எந்தப் பக்கம் வலிக்குதுன்னு கேப்பாங்க."

அக்கா அதுவரை ரயிலில் ஏறியதே இல்லை என்று எனக்குத் தெரியும். கூட வருகிறீர்களா என்று கேட்டேன். அவர் கணவர்தான் முந்திக்கொண்டார். "பூப் பாக்கறதுக்கு ரயிலேறிப் போவாங்களா? ஊட்டுக்குப் பின்னாடி பூசணி பூத்துக் கெடக்குது, அதப் போய்ப் பாக்கச் சொல்லுங்க." அக்கா சனிக்கிழமை விடியுமுன் பச்சைப் பட்டுச் சேலையில் என் கதவைத் தட்டினார்.

மலைப் பாதையின் வளைவுகளில் நான் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வர, அக்கா என் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினார். நாமக்கல் ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயில் வந்து நின்றது. அக்கா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு எதிரே கஞ்சி போட்ட சேலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு கட்டைப்பை. வண்டி நகர்ந்ததும் பேச்சும் தொடங்கிவிட்டது.

"எங்கீங்க போறீங்க?"

"ஒரு பூந்தோட்டத்துக்குங்க" என்றார் அக்கா.

"என்ன விசேஷமுங்க?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே ஒரு பார்வை பார்த்தார். பிறகு அமைதியாகச் சொன்னார். "சின்னப் பையனுக்குக் கல்யாணமுங்க. மாலைக்குச் சொல்லிப்போட்டு வரலாமின்னு."

அக்காவுக்குப் பையனே கிடையாது. ஒரே பெண். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"எத்தன பசங்க?"

"மூணுங்க. மூத்தவன் சிங்கப்பூரு. நடுவுலவன் மிலிட்டிரி. இவ அவன் சம்சாரம்" என்று என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

எனக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை. திண்டுக்கல் பக்கத்தில் என் அம்மா அதற்காக ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த அம்மாவின் கண் என் கழுத்துச் சங்கிலிக்கு வந்து, அதில் தொங்கிய சிலுவையில் நின்றது.

"பொண்ணு சர்ச்சுக்குப் போறவங்களாட்ட இருக்குதுங்க."

"லவ்வு மேரேஜுங்க." அக்கா பெருமூச்சு விட்டார். "பையன் ஒத்தக் கால்ல நின்னுபோட்டான். நாம என்னத்தப் பண்ண முடியும்?"

"சமையலாச்சும் வருமுங்களா?"

"சுடுதண்ணி வெப்பா."

எனக்கு மீன் குழம்பு நன்றாக வரும். அதைச் சொல்ல அது இடமில்லை. அந்த அம்மா என்னை முறைத்த முறைப்பில், அதுவரை பார்த்திராத ஒரு மிலிட்டிரிக்காரனின் குடும்பத்தை நானே கெடுத்துவிட்டதுபோல் குறுகிப்போனேன்.

பிறகு அந்த அம்மாவின் முறை. அவர் ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவராம். ஒரே பையன், டாக்டர், சேலத்தில். மாதம் ஒருமுறை பேரனைப் பார்க்கப் போவாராம். "ஆபரேசன்னா அவன்தானுங்க. மத்த டாக்டருங்க பக்கத்துல நின்னு பாப்பாங்க." அக்கா மரியாதையாகக் காலை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார். பையன் எந்த ஆபரேஷன் செய்வான் என்று அக்கா கேட்க, "எல்லாந்தான்" என்று அந்த அம்மா சொன்னார். கட்டைப்பையிலிருந்து ஒரு கட்டு வாழைநார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹெட் நர்ஸுக்கு வாழைநார் எதற்கு என்று நினைத்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை. என் நிலைமையே சரியில்லை.

எங்கள் ஸ்டேஷன் வந்தது. "வாரனுங்க" என்று அக்கா எழுந்தார். "போய்ட்டு வாங்க, கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்" என்று அந்த அம்மா ஆசீர்வாதம் செய்தார். பிளாட்பாரத்தில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தால், அந்த அம்மாவும் அடுத்த கதவு வழியாக இறங்கிக்கொண்டிருந்தார். வண்டி சேலத்தை நோக்கிப் போய்விட்டது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி இருந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு ஒரே மண்பாதைதான். நாங்கள் நடந்தோம். கொஞ்சம் இடைவெளி விட்டு அந்த அம்மாவும் நடந்தார். அக்கா வேகமாக நடந்தால் அவர் மெதுவானார். அக்கா நின்று செருப்பைச் சரிசெய்தபோது அவரும் நின்று வேலியைப் பார்த்தார். கணக்கு டீச்சர் சொன்ன அடையாளப்படி பம்புசெட்டுக்கு எதிரே திரும்பினோம். அவரும் திரும்பினார்.

வாசலில் கணக்கு டீச்சர் நின்றிருந்தார்.

"அட, வாங்க டீச்சர், வாங்கக்கா. அத்தை, நீங்களும் இதே வண்டியிலயா வந்தீங்க? நாரு வாங்கப் போனவங்க வர்றதுக்குள்ள விருந்தாளிங்க வந்துருவாங்களோன்னு பாத்துட்டிருந்தேன். நான் சொல்லல, எங்க ஸ்கூல்ல கல்யாணமாகாத டீச்சர் ஒருத்தங்கன்னு. இவங்கதான். இது அவங்க வீட்டுக்கார அக்கா."

மோட்டாரில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் தரையைப் பார்த்தேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்கத் தொடங்கினார். வெகுநேரம் துடைத்தார்.

அக்காதான் முதலில் பேசினார். கணக்கு டீச்சரைத் தலை முதல் கால் வரை பார்த்து, "இவியதான் டாக்டரு சம்சாரமுங்களா?" என்று கேட்டார்.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆமாங்க" என்றார்.

"டாக்டரா?" என்று கணக்கு டீச்சர் என் காதில் கேட்டார். "அப்புறம் சொல்றேன்" என்றேன். அதற்குள் முழங்கால்வரை சேறும் தோளில் மண்வெட்டியுமாகக் கணக்கு டீச்சரின் கணவர் வரப்பில் ஏறி வந்தார்.

"டாக்டருங்களா?" என்றார் அக்கா.

"இன்னைக்கு லீவுங்க" என்றார் அந்த அம்மா.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் மண்வெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார். "எனக்கு ரொம்ப நாளா முழங்கால் வலிங்க. படியேறுனாப் புடிச்சுக்குது" என்று அக்கா சொன்னார். அவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு, "எங்கம்மாவுக்கும் அதே கததானுங்க. சேலத்துல நல்ல டாக்டராப் பாத்து ஒருக்கா காட்டிருங்க" என்றார். கணக்கு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அவர் கணவர், தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று விளங்காமல் நின்றார்.

பிறகு தோட்டம் பார்க்கப் போனோம். அது எனக்குப் பெரிய ஏமாற்றம். வயல் வயலாக அரளி, அதைத் தாண்டிச் சம்பங்கி, எல்லாம் பச்சைப் பசேல் என்று நின்றது. ஒரு பூ இல்லை. அரளியை மொட்டாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டுமாம். விடிகாலையில் பறித்ததெல்லாம் மூட்டையாகி, நாங்கள் மலையிறங்கும்போதே மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஏனுங்க, பூந்தோட்டமின்னு கூட்டியாந்து எலத்தோட்டத்தக் காட்டறீங்களே" என்றார் அக்கா.

"மாலைக்குச் சொல்லத்தான வந்தீங்க, எல பாத்தாப் போதாதா?" என்றார் அந்த அம்மா.

கடைசி வயலில் கோழிக்கொண்டை மட்டும் வெட்டாமல் நின்றது. வெயிலில் அந்தச் சிவப்பைக் கண் கூசாமல் பார்க்க முடியவில்லை. அக்கா அதற்குள் நுழைந்து ஒவ்வொரு கொண்டையாகத் தடவிப் பார்த்தார். வெல்வெட் மாதிரி இருக்கிறது என்று என் கையையும் பிடித்து வைத்தார். அந்த நேரத்தில் மட்டும் இருவரும் டாக்டரையும் சிங்கப்பூரையும் மறந்து, விதை எப்போது விடுவது, மலைக் குளிருக்கு வருமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அந்த அம்மாவுக்கு என் ஞாபகம் வந்துவிட்டது. "சுடுதண்ணி மட்டுந்தான் வெப்பாளாமா? இங்க வா சாமி. மாமியா ஊட்டுல கத்துக்காட்டி எங்கதான் கத்துக்குவ?" என்று என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனார். நான் ஒரு கூடை சின்ன வெங்காயம் உரித்தேன். தேங்காய் துருவினேன். பருப்பு கடைந்தேன். அக்கா வாசலில் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்தார். "உப்புப் போட்டாளான்னு பாத்துக்குங்க, அவ மறந்துருவா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

கணக்கு டீச்சரைப் பரிதாபமாகப் பார்த்தேன். அதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. "நான் தினமும் செய்யறதுதான டீச்சர். நீங்க ஒரு நாள் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சாப்பிடும்போது அந்த அம்மா என் பருப்பை இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். "பொண்ணு பரவாயில்லீங்க. உங்க மிலிட்டிரிப் பையன் குடுத்து வெச்சவன்" என்றார். எனக்கு ஏனோ பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்கால வண்டிக்கு அந்த அம்மாவே எங்களோடு ஸ்டேஷனுக்கு வந்தார். அக்காவின் கையில் ஒரு கட்டுக் கோழிக்கொண்டை. வண்டி வரக் கொஞ்ச நேரம் இருந்தது. சிமெண்டு பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"நெசமா உங்களுக்கு எத்தன பசங்க?" என்று அவர் கேட்டார்.

"ஒரே பொண்ணுங்க. திருப்புலி நாட்டுல கட்டிக் குடுத்திருக்கறேன்."

"எனக்கும் இவன் ஒருத்தன்தான்."

"நர்ஸுங்கறது?"

"ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லீங்க. இவன் பொறந்ததுகூட ஊட்டுலதான்." அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாரு வாங்க வாரா வாரம் போறனுங்க. ஊட்டுலதான் பொய்யின்னாலே எனக்கு ஆகாது. இந்த வண்டியில ஏறுனா என்னமோ நெசம் சொல்லப் புடிக்கறதில்ல. போன வாரம் பேங்கு மேனேசரு. ஒரு பொம்பள கடனுக்கு என்ன என்ன பேப்பரு வேணுமின்னு கேட்டுப்போட்டா. தப்பிச்சதே பெருசு."

அக்கா சிரித்தார். நான் அவர் வீட்டில் குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாவும் சேர்ந்துகொண்டார். வண்டி வந்து நின்றபோதும் இருவராலும் நிறுத்த முடியவில்லை. நான்தான் அக்காவைப் பிடித்து ஏற்றினேன்.

அதன் பிறகு அக்காவுக்கு அடிக்கடி கீழே வேலை வந்தது. ஒரு சமயம் விதை, ஒரு சமயம் முழங்காலுக்குத் தைலம். அவர் கணவரும் மறுப்புச் சொல்வதில்லை. ஒருமுறை நாமக்கல்லிலிருந்து சேலம் வரை இருவரும் சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன அக்கா தங்கையாகப் போனார்களாம். எதிரெதிர் ஜன்னலில் உட்கார்ந்து, வேறு ஆட்கள் மூலம் பேசிக்கொண்டார்களாம். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து பஞ்சாயத்துப் பண்ணி, வீட்டை இளையவளுக்கும் கிணற்றைப் பொதுவாகவும் வைத்து, இருவரையும் கையைப் பிடிக்க வைத்து, வேர்க்கடலை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் கண் கலங்கிவிட்டாராம்.

அடுத்த முறை என்னையும் கூட்டிப் போங்கள் அக்கா என்று கேட்டேன்.

"வேண்டாம் கண்ணு, உனக்கு மூஞ்சியிலேயே தெரிஞ்சுபோயிருது" என்றார்.