மைப்பழம்தானா இது

போன வாரம் என் சிதம்பரம் வீட்டுக்குப் பின்னால், வாய்க்கால் ஓரத்தில் ஒரு செடியைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்ததுபோல இருக்கிறது, எதுவென்று பிடிபடவில்லை. அன்றிலிருந்து ஒரே எரிச்சல். இடுப்பளவு உயரம், கொத்துக்கொத்தாகக் கறுப்புப் பழங்கள். ஒன்றைக் கிள்ளினால் விரலெல்லாம் ஊதா மை. கல்யாண வீட்டில் யாரோ வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேச, அவர் யாரென்று தெரியாமல் விழிப்போமே, அந்த அவஸ்தை.

சும்மா பார்த்த செடி என்றால் விட்டிருப்பேன். கடலூரில் என் தங்கை ஜெயராணி கொஞ்ச நாளாகப் படுக்கையில் இருக்கிறாள். புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்கிறது, சோறு இறங்குவதில்லை. எதைக் கொடுத்தாலும் தட்டைத் தள்ளுகிறவள், போன முறை பார்க்கப் போனபோது, "அந்த மைப்பழம் கெடச்சா திம்பேண்ணா" என்றாள்.

மைப்பழம் என்பது நாங்கள் இருவரும் வைத்த பெயர். வேறு யாரிடம் சொல்லியும் பயனில்லை. செடியின் பெயர் சொல்லும் செயலியில், செல்போனில் படம் எடுத்துக் கேட்டேன். ஒரு பக்கமாக எடுத்தால் ஒரு பெயர். மறுபக்கமாக எடுத்தால் வேறு பெயர், கூடவே விஷம் என்று எச்சரிக்கை. பண்ருட்டிப் பலாக்கன்று விற்கும் நர்சரிக்காரரிடம் ஒரு கிளையை நீட்டினேன். "வேலியில தானா மொளைக்கிறது சார். இதுக்கெல்லாம் யாரு பேரு வெப்பாங்க" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

சின்ன வயதில் இந்தத் தொல்லையே கிடையாது. கடலூர் முதுநகரில் ஞாயிறு பூசையும் ஞானோபதேச வகுப்பும் முடிந்து, ரயில் பாதை ஓரமாக வீட்டுக்கு வருவோம். புதிதாக ஏதாவது பழம் கண்ணில் பட்டால், ஜெயராணி அதைக் கடித்து நாக்கில் வைத்துக்கொண்டு, பத்து 'அருள் நிறைந்த மரியே' முனகவேண்டும். அதற்குள் நாக்கு அரித்தால் துப்பிவிடுவாள், அரிக்காவிட்டால் நல்ல பழம். கேட்கப் பெரிய விஞ்ஞானம்போலத்தான் இருக்கும். ஆனால் அவள் செபம் சொல்லும் வேகம் இருக்கிறதே, அதற்காக வீட்டில் அம்மாவிடம் தினமும் குட்டு வாங்குவாள். பத்தும் ஒரே மூச்சில் முடிந்து, அடுத்த கொத்துக்குக் கை போய்விடும். நாங்கள் பிழைத்துக் கிடந்தது மாதாவின் கருணை.

நேற்று கிளையைப் பையில் போட்டுக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். பழைய செடியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமென்றால் முதுநகர் ரயில் பாதை ஓரமெல்லாம் இப்போது காம்பவுண்டு சுவர். சாப்பிடக் கொடுக்கக்கூடாது, காட்டி மட்டும் கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். கட்டிலருகே போய்க் கிளையை நீட்டியதும், நான் தடுப்பதற்குள் ஜெயராணி ஒன்றைப் பறித்துக் கடித்துவிட்டாள்.

உதடுகள் அசைந்தன. இந்த முறை அவசரமே இல்லை. ஒவ்வொரு மரியேயையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் துண்டில் துப்பினாள்.

"ருசியே தெரியலண்ணா. மருந்துல நாக்கு செத்துப்போச்சு. நீ தின்னு பாத்து சொல்லு, அதானா?"

கடித்தேன். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு. அதுதானா என்று தெரியவில்லை. என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பழத்தின் ருசியை நான் எங்கே கவனித்தேன்? அவள் முகம் சுளித்தால் கெட்ட பழம், சிரித்தால் நல்ல பழம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். செடி போனது போகட்டும் என்று விட்டுவிடலாம். அதை அறிந்திருந்த ஒரே நாக்கும் போய்விட்டது.

பதிலுக்காக அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.