வால் கனம்

ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிடுவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். ஹாலிஎலவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை பதுளை டவுனுக்குப் போய்ப் படித்து என்ன ஆகப்போகிறது என்பது அவர் கேள்வி. அதற்குப் பதில் சொல்லி அலுத்துப்போனவர் மாமா. அம்மாவின் தம்பி, தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக்.

சீமைக்குத் திரும்பிய துரை, ரேடியோவால் ஓட்டும் பொம்மை விமானம் ஒன்றை, வால் உடைந்த நிலையில், அவரிடம் விட்டுப்போயிருந்தார். மாமா தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்துப் புது வால் வைத்தார். நேராகப் பறந்தது. அது போதாதென்று, ஸ்னாப் ரோல் அடித்தே தீருவேன் என்றார். மூக்கைச் சட்டென்று தூக்கி, வால் துடுப்பை ஒரு பக்கம் திருப்பினால், விமானம் படுவேகமாக ஒரே சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி நேராக ஓட வேண்டும். எங்களுடையது சுற்றத் தொடங்கினால் நிற்காது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சுழன்றபடியே தேயிலைக்குள் விழுந்தது. மட்டமாக வெட்டிய செடிகள் தாங்கியதால் பிழைத்தது. மாமா விடுவதாக இல்லை. நானும் அட்டைக்கடியோடு போய்த் தூக்கிவருவேன்.

தூக்கும்போதெல்லாம் வால் கீழே இழுத்தது. சொல்ல வாயெடுப்பேன், பெரியவர்களுக்குத் தெரியாததா என்று விழுங்கிவிடுவேன்.

நான்காம் ஞாயிறு மாமா அப்பாவையும் மைதானத்துக்கு அழைத்து வந்தார்.

“இன்னைக்கு விழுந்தா அடுப்புக்கு வெறகு, மச்சான்” என்றார் அப்பா.

மாமா என் பக்கம் திரும்பினார். “ஏன் விழுதுன்னு நீ சொல்லு பாப்பா.”

“வாலு கனமா இருக்கு மாமா.”

அப்பா சிரித்தார். மாமா சிரிக்காமல் இறக்கைகளுக்கு அடியில் இரண்டு விரல்களைக் கொடுத்துத் தூக்கினார். வால் தொங்கியது. சட்டைப் பையிலிருந்து, பழைய தேயிலைப் பெட்டியில் உரித்த ஈயத்தாளை எடுத்து என்னிடம் தந்தார். உருட்டி உருட்டி மூக்குக்குள் அடைத்தேன். விமானம் அவர் விரல்களில் சமமாக நின்றது.

பிறகு மேலே ஏறியது. மூக்கைத் தூக்கியது, ஒரே சுற்று, நின்றது. நேராக ஓடியது.

“ஒங்க மகதான் கண்டுபுடிச்சா, மச்சான்.”

அப்பா விமானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “பதுளைக்குக் காலையில பஸ்ஸு எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

இப்போது என் மகள் ஒரு கணக்கில் திணறினால் பொறுக்காமல் விடையைச் சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தவிக்கிறேன். அன்று எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வருகிறவர் சட்டைப் பையில் ஈயத்தாள் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.