மிதவையைத் திட்டியவள்

என் நாத்தனார் எங்கள் வீட்டு வாசல் நிலையில் குனிந்துதான் உள்ளே வருவாள். அவ்வளவு உயரம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டி. பிறந்த புதிதில் யாரோ அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள், அப்புறம் அதை மாற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. மாடி அறையில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். ஏன் என்று நான் கேட்காத விதமில்லை, அவள் பிடி கொடுத்ததுமில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். வேலைக்கு முன்னாலும் பின்னாலும் அவள் அடிக்கிற கூத்துதான் என் மண்டையைக் குடைந்தது. விடியும் முன்பே நீச்சல் குளம். அங்கிருந்து சைக்கிளிலேயே ஆஸ்பத்திரி. திரும்பி வந்து சைக்கிளை உள்ளே விட்டதும் செருப்பை மாற்றிக்கொண்டு ஓடக் கிளம்பிவிடுவாள். "உங்க நாத்தனார் தினமும் எந்த பஸ்ஸைத் தவற விடறாங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். மூன்றும் சேர்ந்தது ஒரு போட்டியாம், ட்ரையத்லான். ஏரியில் ஒன்றரை கிலோமீட்டர் நீந்த வேண்டும், ஈரம் சொட்டச் சொட்ட ஏறி நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கிப் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும். பின்னால் யாரும் துரத்துவதில்லை, அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் முன் அறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் துணியோடு ஊர்க்கதையையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட எனக்கு என் தலைக்கு மேலேயே குடியிருப்பவள் ஏன் இப்படி ஓடுகிறாள் என்று தெரியாவிட்டால் எப்படித் தூக்கம் வரும்?

"எதுக்கு குட்டி உனக்கு இந்தப் பாடு?" என்று ஒருநாள் வாயைப் பிடுங்கினேன்.

"நாள் பூரா எல்லாரையும் அசையாதீங்க, அசையாதீங்கன்னு சொல்லிட்டே இருக்கேன் அண்ணி. வெளிய வந்தா எனக்கு அசையணும்போல இருக்கு."

இதெல்லாம் ஒரு பதிலா? ஆனால் தலைகீழாக நின்றாலும் அவளிடம் அதற்குமேல் கறக்க முடியாது. வாயில்லாப் பூச்சி. ஆட்டோக்காரர் மீதிச் சில்லறை தரவில்லை என்றால்கூட நன்றி சொல்லிவிட்டு வருகிற ஜாதி.

இரண்டு போட்டிக்குப் போனாள். இரண்டிலும் நடு ஏரியில் மூச்சு முட்டி, கையைத் தூக்கிவிட்டாள். படகில் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். போட்டிக்கு வருகிறவர்கள் காலையிலேயே சைக்கிளை ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்திவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். இரண்டு தடவையும் அவள் சைக்கிள் நின்ற இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. இரண்டாம் முறை வந்தபோது என் வீட்டுக்காரர், "என்ன, சைக்கிளுக்கு ஊரைச் சுத்திக் காட்டிட்டு வந்தாச்சா?" என்றார். தங்கச்சி முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். குட்டி பழந்துணியை எடுத்து அந்தச் சைக்கிளைத் துடைத்தாள். தூசியே இல்லாத சைக்கிளை. எனக்குத் தாங்கவில்லை, உள்ளே போய்விட்டேன்.

இதில் என்ன புதிர் என்றால், நீச்சல் குளத்தில் அவள் மீன். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் சலிக்காமல் போய் வருவாள், நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஏரியில் இறங்கினால் மட்டும் பாதி வழியில் திணறல். டாக்டர் நெஞ்சைச் சோதித்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார். நீச்சல் மாஸ்டர், "எல்லாம் பயம்தாங்க, ஆழத்தைப் பார்த்த பயம்" என்றார். குட்டியோ, "எனக்குப் பயமே இல்ல அண்ணி. நான் தைரியமாத்தான் போறேன், மூச்சுதான் வரமாட்டேங்குது" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். அப்படியென்றால் அந்த ஏரியில் என்னதான் இருக்கிறது?

இதற்கு நடுவில் ஆஸ்பத்திரியில் புதுச் சேதி. இரவுக்கு மூத்த ஆள் இல்லையாம், அடுத்த மாதத்திலிருந்து அவளுக்கு இரவு டூட்டி. எத்தனை வருஷம் என்று சொல்லவில்லை. விடிகாலைக் குளமும் போச்சு, சாயங்கால ஓட்டமும் போச்சு. டூட்டி மாறுவதற்கு முன் ஒரே ஒரு போட்டிதான் பாக்கி. "இந்தத் தடவையாவது சைக்கிள்ல ஏறிடணும் அண்ணி. ஜெயிக்கவெல்லாம் வேண்டாம்" என்றாள்.

அந்தச் சமயத்தில் எனக்கு விடாத இருமல். நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார்கள். குட்டிதான் எடுத்தாள். பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்க வைத்து, தாடையை மேலே தூக்கி வைத்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனாள். அங்கே என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்க்கத் திரும்பினேன். படம் வீணாகிவிட்டது. "அண்ணி, அசையாதீங்கன்னு சொன்னேனே" என்றாள். மறுபடி எடுத்தாள். முடிந்ததும், "படம் வர்ற வரைக்கும் நானும் தடுப்புக்குப் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

அடுத்துப் படம் எடுக்க வந்தவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க" என்றாள். சொன்னதும் இவள் தோளும் ஏறி நின்றது. பட்டனை அழுத்தி, "விடுங்க" என்றதும் இவளும் விட்டாள். அடுத்தவருக்கும் அப்படியே.

"நீ எதுக்கு பிடிக்கிறே?"

"நாங்க பிடிச்சாத்தான் அண்ணி அவங்களுக்கு எப்போ முட்டும்னு தெரியும். வேலைக்குச் சேர்ந்தப்ப சீனியர் சொல்லிக் கொடுத்தது. வயசானவங்களை ரொம்ப நேரம் பிடிக்க வெச்சிடக் கூடாதுல்ல."

நல்ல பழக்கம்தான் என்று நினைத்தேன். அடுத்து ஒரு பெண் கையில் அடிபட்டு வந்தாள். மேஜைமேல் உள்ளங்கையை வைத்தாள், அவ்வளவுதான். குட்டி மூச்சைப் பிடிக்கச் சொல்லவில்லை, கண்ணாடி வழியாகக் கையை உற்றுப் பார்த்தாள். தோள் ஏறி நின்றுவிட்டது.

"கைப் படத்துக்கு எதுக்குடி மூச்சு?"

"நான் பிடிச்சேனா?" என்றாள். நிஜமாகவே தெரியவில்லை அவளுக்கு.

வீட்டுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தேன். நூல் கோக்க ஊசியின் காதை உற்றுப் பார்த்தேன், என் மூச்சும் நின்றிருந்தது. எனக்குப் பொறி தட்டியது. அவள் வரும்வரை கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாசலிலேயே மடக்கினேன். "ஏரியில எதைப் பார்த்துடி நீந்துவே?"

"மிதவையை. ஆரஞ்சுக் கலர்ல பெரிசா கட்டி விட்டிருப்பாங்க. அப்பப்போ தலையைத் தூக்கி அதைப் பார்த்தாத்தான் வழி தெரியும்."

"குளத்துல?"

"குளத்துல எதைப் பார்க்கறது? அடியில கோடு போட்டிருக்கு, அதுபாட்டுக்குப் போயிட்டே..." பாதியில் நிறுத்தினாள். சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாஸ்டரைப் படகில் உட்கார வைத்து ஏரியில் இறங்கினாள். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க அண்ணி சொன்னது சரிதாங்க. மிதவையைப் பார்க்கறீங்க, அப்புறம் நாலஞ்சு கை வீசற வரைக்கும் தண்ணியில ஒரு குமிழி வரல. உள்ளேயே அடைச்சு வெச்சுக்கறீங்க." காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் இருபது வருஷப் பழக்கம் காரணம் தெரிந்ததும் ஓடிவிடுமா என்ன? பாட்டை முனகிக்கொண்டே நீந்தச் சொன்னார். முனகினாள், மிதவையைக் கண்டதும் பாட்டும் நின்றது. வாய்க்குள் எண்ணச் சொன்னார், எண்ணிக்கையும் நின்றது. போட்டியோ நெருங்கிக்கொண்டிருந்தது. கரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். ஊசி கோக்கும்போது எனக்கு மூச்சு நிற்காத சமயமும் உண்டு. யாரையாவது திட்டிக்கொண்டே கோக்கும்போது நிற்பதில்லை. திட்டு பாதியில் நிற்காது பாருங்கள், ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும்.

"மிதவையைத் திட்டு" என்றேன். "பார்க்கும்போதெல்லாம் திட்டிட்டே மூஞ்சியைத் தண்ணிக்குள்ள விடு."

"மிதவையையா? அது என்ன பண்ணுச்சு?"

"என்ன பண்ணுச்சா? ரெண்டு தடவை உன்னைப் படகுல ஏத்துச்சு."

எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு மிதவையைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் கிட்ட இருந்திருக்கலாம்" என்றாள். மாஸ்டர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மிதவைக்கு மரியாதை கொடுத்துத் திட்டிய முதல் ஆள் இவள்தான். அன்றிலிருந்து அவள் ஓடிவிட்டு வந்ததும் நான் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். "சொல்லு. அடி ஆரஞ்சு மூஞ்சி." "அடி ஆரஞ்சு மூஞ்சி." "நடு ஏரியில உனக்கென்னடி வேலை, சோம்பேறி முண்டம்." அவளுக்கு வெட்கத்தில் காது சிவக்கும். பிறகு பழகிவிட்டது. தானாகவே புதிது புதிதாகச் சேர்க்கத் தொடங்கினாள், அதில் சிலது நானே கேள்விப்படாதது. இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாளோ.

போட்டியன்று நானும் என் வீட்டுக்காரரும் ஏரிக்கரையில் நின்றோம். குறித்த நேரத்துக்குள் கரையேறாவிட்டால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள். விசில் ஊதியதும் அத்தனை பேரும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு போனார்கள், அவள் கடைசிக் கூட்டத்தில் பச்சைத் தொப்பி. முதல் மிதவையைத் தாண்டினாள். இரண்டாவதுக்கு முன்னால் தொப்பி அசையாமல் நின்றது. போன தடவை கையைத் தூக்கிய அதே இடம். படகு அவள் பக்கம் திரும்பியது. "தூக்காதடி, கையைத் தூக்காதடி" என்று முனகினேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

கை மேலே வரவில்லை. படகு கொஞ்ச நேரம் கூடவே போய்விட்டு விலகியது. அந்தப் படகுக்காரர் பிறகு எங்களிடம், "உதவி வேணுமான்னு கேக்கப் போனேங்க. அந்தம்மா என்னைப் பார்த்து ஏதோ சோம்பேறின்னாங்க, சரி, தெம்பாத்தான் இருக்காங்கன்னு வந்துட்டேன்" என்றார்.

நேரம் முடிந்ததும் இறக்கக் கொடியைப் பிடித்திருந்தவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தண்ணீருக்குள் இரண்டடி இறங்கி நின்றார். அவள் முழங்காலளவு தண்ணீரில் எழுந்தாள், ஒரு தடவை தடுக்கி விழுந்தாள், மறுபடி எழுந்து அவரைத் தாண்டி ஓடினாள். கொடி அதற்கப்புறம்தான் இறங்கியது. நான் அப்படியே மணலில் உட்கார்ந்தேன். எங்கிருந்துதான் அத்தனை அழுகை வந்ததோ, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். நிமிர்ந்தபோது சைக்கிள் ஸ்டாண்டு காலி. சைக்கிள் பாதை அங்கிருந்த ஒரு கட்டிடத்துக்கு அந்தப் பக்கம், அங்கே யாரையும் விடவில்லை. எங்களை ஓட்டம் முடிகிற இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

வெயில் ஏறி, பந்தலைப் பிரிக்க ஆரம்பித்த பிறகுதான் அவள் வந்தாள். கடைசி ஆள். உப்புப் பூத்த முகத்தோடு முடிவுக் கோட்டைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். மெடலைப் பற்றியும் பேசவில்லை, தண்ணீரைப் பற்றியும் பேசவில்லை.

"அண்ணி, நான் சைக்கிள்ல போனதைப் பார்த்தீங்களா?"

பார்த்தேன் என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. "இல்ல குட்டி. அழுதுட்டிருந்தேன். விட்டுட்டேன்."

அவள் திரும்பி நடந்து போய்ச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் அண்ணன், "ஏய், விழுந்துடுவே, வேண்டாம்" என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கார்கள் போய்விட்ட வெட்டவெளியில் ஏறி மிதித்தாள். மெதுவாக, நேராக, அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். கண் மறைத்தது, துடைத்துத் துடைத்து நான் முழுசாகப் பார்த்தேன்.