நிலானியின் புரோட்டீன் பார்

சிவமலருக்கு நாற்பத்திரண்டு வயது. கிள்ளானில் ஓர் அரசு கிளினிக்கில் டயட்டீஷியன். பதினேழு வருடமாக அதே அறை. மேசைமேல் ரப்பர் சோறு, ரப்பர் மீன், ரப்பர் ரொட்டி சானாய். நோயாளிகள் அவற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். அவள் சொல்வதைப் பாதி கேட்பார்கள்.

காலையில் வீடு இருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில். மாலையில் திரும்பும் ரயில். வீட்டில் அவளும் அப்பா ஐங்கரனும் மட்டும். அப்பா ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து சேர்ந்ததும் அதே ரயில்வேயில்தான். கோயிலிலோ கல்யாணத்திலோ யாரைப் பார்த்தாலும் ஐங்கரன், "மூத்தவ கவர்மெண்ட்ல" என்றுதான் தொடங்குவார். இளையவளைப் பற்றிக் கேட்டால், "இருக்கா" என்பார். அந்த "இருக்கா"வைச் சிவமலர் பல வருடம் கேட்டாள். ஒரு தடவையும் அலுக்கவில்லை.

இளையவள் நிலானி. அக்காவைவிட ஏழு வயது சின்னவள். இரண்டு படிப்பைத் தொடங்கினாள், இரண்டையும் முடிக்கவில்லை. கல்யாணமாகிச் செமினியில் குடியிருந்தாள். முப்பது வயதுக்கு மேல் ஓடப் பழகினாள். சனிக்கிழமைகளில் பங்சாரில் ஒரு குழுவோடு ஓட்டம். ஓடி முடித்ததும் தின்பதற்குப் பொட்டுக்கடலை, நிலக்கடலை, எள், பேரீச்சம்பழம், பட்டாணிப் புரதப் பொடி எல்லாம் சேர்த்துப் பிசைந்து, நீளத் துண்டுகளாக வெட்டிக் கொண்டுபோனாள். குழுவில் கேட்டார்கள். பிறகு குழுவுக்கு வெளியிலிருந்தும் கேட்டார்கள். ஜனவரியில் உறை அச்சடித்தாள். ஒரு பாரில் பன்னிரண்டு கிராம் புரதம், ஏழு கிராம் சீனி என்று உறையில் போட்டிருந்தது. ஃபோனில் ஏதோ ஆப்பை வைத்துக் கணக்குப் போட்டது.

முதல் உறையை எடுத்துக்கொண்டு அக்காவிடம்தான் வந்தாள்.

"பின்னால ஒரு வரி மட்டும் அக்கா. டயட்டீஷியன் பார்த்ததுன்னு. உன் பேருகூட வேணாம்."

"கவர்மெண்ட் ஆளுங்க பொருளுக்கு விளம்பரம் பண்ணக் கூடாது. ரூல் இருக்கு."

ரூல் இருந்தது. அது இருந்ததில் சிவமலருக்கு ஒரு நிம்மதி.

அப்பா மாறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். தினமும் காலையில் அரைமணி நேரம் பூங்காவைச் சுற்றி நடப்பார். நடந்துவிட்டு வந்து நிலானியின் பார் ஒன்றைப் பிரிப்பார். சட்டைப் பையில் இன்னும் இரண்டு இருக்கும். கூட நடப்பவர்களுக்கு.

"அப்பா, அரைமணி நேரம் நடந்தா நூத்தி இருபது கலோரி போகும். இது ஒண்ணுல இருநூத்திப் பத்து இருக்கு. நடக்காமலே இருந்திருக்கலாம்."

"நீ வேணாம்னு சொல்றதுக்கு ஒரு லிஸ்ட் வச்சிருக்க. அவ கையில ஒண்ணைக் குடுக்கறா."

அவள் சொன்ன கணக்கு சரி. எழுபத்தாறு வயதுக்காரருக்கு நடைக்குப் பிறகு தோசையும் ஒரு முட்டையும் போதும். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே மென்றார். கோயிலில் இப்போது "சின்னவ பிஸினஸ்" என்று தொடங்கினார். மூத்தவளைப் பற்றி யாராவது கேட்டால்தான் சொன்னார்.

மார்ச் முதல் வாரம் விஜயன் என்று ஒரு லோரி ஓட்டுநர் கிளினிக்குக்கு வந்தார். துறைமுகத்தில் வேலை. எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைத்திருந்தார்.

"ஜிம் போறேன் மிஸ். முடிச்சதும் ஒரு புரோட்டீன் பார். அது ஓகேவா?"

"சாப்பாடு எப்போ?"

"ரெண்டு மணி நேரம் ஆயிடும். போர்ட்ல லோரி வரிசை அப்படி. முன்னெல்லாம் அந்த நேரத்துல திங்க மீ கோரேங் நூடுல்ஸ் ஒரு பொட்டலம் கட்டிட்டுப் போவேன்."

பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். நிலானியின் உறை.

"நம்ம தமிழ்ப் பொண்ணு செய்யறது மிஸ். வாட்ஸப்ல ஆர்டர் பண்ணா வீட்டுக்கே வருது."

வேறு யாருடைய பாராக இருந்தாலும் சிவமலர் உறையைத் திருப்பிப் படித்திருப்பாள். புரதம் பத்து கிராமுக்கு மேல், சீனி எட்டுக்குக் கீழ், சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம், எடையும் இறங்குகிறது. தாராளமாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லியிருப்பாள். நல்ல பதில் அதுதான்.

"தேவையில்லை. அவிச்ச முட்டை ரெண்டு எடுத்துட்டுப் போங்க."

"லோரிக்குள்ள நாறும் லா மிஸ்."

"ஜன்னலைத் திறந்து வைங்க."

அவர் பாரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். முகத்தில் மரியாதை இருந்தது. முட்டை கொண்டுபோகப் போவதில்லை என்பதும் இருந்தது. பதினேழு வருடத்தில் தெரிந்தே தவறாகச் சொல்லி அனுப்பிய முதல் நோயாளி அவர். மனம் உறுத்தியது. உறுத்தலைவிட அந்த உறையின் நினைவுதான் அதிக நேரம் இருந்தது.

அன்று மாலை அப்பாவின் அலமாரியிலிருந்து ஆறு பார்களை எடுத்தாள். கூடப் படித்த ரமணி உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்தாள். அவளுக்கு அனுப்பினாள். ஆப்பில் போட்ட கணக்கு நிச்சயம் தப்பாக இருக்கும். புரதம் எட்டு இருக்கலாம். பேரீச்சம்பழத்தின் சீனி பதினைந்தைத் தொடும். அப்பாவின் முன் அந்தத் தாளை வைப்பதைக் கிள்ளான் ரயிலில் உட்கார்ந்தபடி இரண்டு நாள் நினைத்துப் பார்த்தாள். குரலை உயர்த்தக் கூடாது. வருத்தமாகச் சொல்ல வேண்டும்.

தோழிக்காக வரிசையில் முன்னுக்கு எடுத்துச் செய்த ரமணி, முடிவை ஃபோனில் சொன்னாள். புரதம் பன்னிரண்டு புள்ளி ஆறு. சீனி ஆறு புள்ளி நான்கு. உறையில் இருப்பதைவிட நல்லது.

"இன்னொரு தடவை ஓட்டிப் பாரேன்."

"எதுக்கு?"

"பாரேன்."

இரண்டாவது தடவையும் அதே எண்கள்தான் வந்தன.

"உனக்கு எவ்வளவு வரணும், சொல்லு," என்றாள் ரமணி. "மனசுக்குள்ளயே எழுதி வச்சிக்கோ. பேப்பர்ல எழுத முடியாது."

அறிக்கை தபாலில் வந்தது. தேதி மார்ச் பதினான்கு. கேட்டவர் பெயர் சிவமலர் ஐங்கரன். அடியில், வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி மறுபரிசோதனை செய்யப்பட்டது என்று ஒரு வரி. புடவைகளுக்கு அடியில் வைத்தாள். கிழித்திருக்கலாம். ஏன் கிழிக்கவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை.

மே மாதம் நிலானி கேட்டாள், "லேப் டெஸ்ட் ஒண்ணு எடுத்து வைக்கலாமா அக்கா? உனக்கு யாரையாவது தெரியுமா?"

"தெரியாது. இப்ப என்ன அவசரம்?"

அவசரம் ஜூனில் வந்தது. குரு என்பவருக்கு மூன்று ஜிம்கள். ஒன்று பிரிக்பீல்ட்ஸில். மூன்றிலும் வரவேற்பு மேசையில் நிலானியின் பாரை வைக்க ஒத்துக்கொண்டார். ஆய்வுக்கூட அறிக்கை வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு. நிலானி புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"எல்லா லேப்லயும் மூணு வாரம்ங்கறான். ரெண்டு நாள்ல எவன் குடுப்பான்?"

அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். சிவமலர் படித்துப் பட்டம் வாங்கிய நாளில் அவர் கை மட்டும்தான் குலுக்கினார்.

சிவமலர் அறைக்குள் போனாள். அறிக்கை இருக்கும் அலமாரியில் சாய்ந்து நின்றாள். பேசாமல் இருந்தால் போதும். வெள்ளி மதியம் தாண்டிவிடும். நிலானி மறுபடி சனிக்கிழமை ஓட்டக்காரர்களுக்கு விற்பாள். அப்பா மறுபடி "இருக்கா" என்பார். வெளியே அழுகை கேட்டது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் கதவை ஒட்டியிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ரமணியைக் கூப்பிட்டாள். "அந்த ரிப்போர்ட்டையே புதுசா அடிச்சுத் தர முடியுமா? என் பேரு இல்லாம. இந்த வாரத் தேதி போட்டு."

"தேதியை மாத்தினா என் வேலை போயிடும். இருக்கறதக் குடு. நல்ல ரிப்போர்ட்தானே?"

"நல்ல ரிப்போர்ட்தான்."

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தாள். பதினொன்றரைக்குப் பிரிக்பீல்ட்ஸ் ஜிம்முக்குள் நுழைந்தபோது, அடுத்த மாதம் தருவதாக நிலானி குருவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். சிவமலர் அறிக்கையைக் குருவிடம் நீட்டினாள்.

அவர் எண்களை மட்டும் பார்த்தார். "பன்னிரண்டு போட்டிருக்கீங்க, இதுல அதுக்கு மேல இருக்கே. இதை முதல்லயே காட்டியிருக்கலாம் லா." ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு தாளை நிலானியிடம் கொடுத்தார். "திங்கட்கிழமை மூணு ஜிம்முக்கும் அனுப்பிடுங்க."

நிலானி தாளை மேலிருந்து கீழே படித்தாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்து, வெளியே கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதைக்குக் கூட்டிவந்தாள். பக்கத்துப் பூமாலைக் கடையின் ஈரம் தரையில் ஓடியது.

"மார்ச் பதினாலு," என்றாள்.

"ஆமா."

"மே மாசம் நான் கேட்டப்போ யாரையும் தெரியாதுன்ன."

"ஆமா."

"தப்பா வரணும்னுதான் அனுப்பினியா?"

வாடிக்கையாளர்களின் பாதுகாப்புக்காக என்று ஒரு பதில் இருந்தது. உன் நன்மைக்காக என்று இன்னொன்றும் இருந்தது.

"ஆமா," என்றாள் சிவமலர்.

"அதுவும் ரெண்டு தடவை." நிலானி தாளை நான்காக மடித்தாள். "நான் ஃபெயிலானப்பல்லாம் நீதான அக்கா முதல் ஆளா வந்து கூட உட்கார்ந்த. அதெல்லாம் பாசம்னு நினைச்சேன்."

மடித்த தாளை நிலானி கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு நான் வரல. ஏன்னு அப்பாகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

வீட்டில் அப்பா வாசலுக்கே வந்துவிட்டார். "கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

எப்படி என்று அவர் கேட்கவில்லை. ஃபோனை எடுத்துப் பூங்கா நண்பரைக் கூப்பிட்டார். "சின்னவ பார் மூணு ஜிம்ல வருது." பிறகு இன்னொருவர். அதே வாக்கியம். சிவமலர் எதிரில் உட்கார்ந்து கேட்டாள். இன்றைக்கும் அது உள்ளே குத்தியது. சொன்னால் இந்த வீட்டில் மூத்தவளுக்கென்று மிச்சமிருப்பதும் போய்விடும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அப்பா சின்னவள் மீதுதான் கோபப்படுவார். அந்த எண்ணமும் ஒரு கணம் இனிப்பாகத்தான் இருந்தது.

அவர் மூன்றாவது எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஃபோனை வைங்க."

"ஏன்மா?"

லோரி ஓட்டுநர் கிளினிக்குக்கு வந்த நாளில் ஆரம்பித்து, நடந்ததை அவள் சொல்லத் தொடங்கினாள்.