பன்னிரண்டு அரை மாத்திரை

பத்து வயதில், பன்னிரண்டு நாள், என் அம்மாவைக் கொலைகாரி என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் சுட்ட தோசையைத் தின்றேன். அவள் பின்னிவிட்ட சடையோடு பள்ளிக்கூடம் போனேன். பதினாறாம் வாய்ப்பாட்டை அவளிடமே ஒப்பித்தேன். இப்போது நினைத்தால் எனக்கு என்னைக் கண்டே திக்கென்று இருக்கிறது.

அப்பாவுக்கு அரியலூரை அடுத்த ஒரு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் பகலில் தூங்க வேண்டும் என்பதற்காக, எங்கள் தெருவில் ஆலைக்காரர்கள் வீடுகளில் எல்லாம் காலி சிமெண்ட் சாக்கைப் பிரித்து ஜன்னலின் உட்பக்கம் ஆணி அடித்து விடுவார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசியும் வராது என்பதால் பெண்களுக்கும் அதில் சம்மதம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். எங்கள் வீட்டுக்குள் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஊசி விழுந்தால் டார்ச் அடித்துத்தான் தேட வேண்டும்.

தம்பிக்கு அப்போது ஆறு வயது. ஆட்டிசம் என்ற சொல்லைத் திருச்சியில் ஒரு குழந்தை டாக்டர் சொல்லித்தான் நாங்கள் கேள்விப்பட்டோம். அதற்கு முன்பு சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள், எதுவும் நல்ல பெயர் இல்லை. அவன் பேச மாட்டான். எதுவும் நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்க வேண்டும் அவனுக்கு. வாசலில் செருப்பு வரிசை மாறினால்கூட உட்கார்ந்து அடுக்கிவிட்டுத்தான் உள்ளே வருவான். தூக்கம் மட்டும் அவன் வரிசையில் சேரவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நுனிக்காலில் வீட்டைச் சுற்றி வருவான். குழாயைத் திறப்பான், மூடுவான். தாம்பாளத்தைத் தட்டி அதில் காதை வைத்துக்கொள்வான். அவன் பின்னாலேயே அம்மாவும் நடப்பாள். விடிந்ததும் நான் பள்ளிக்கும் அப்பா படுக்கைக்கும் போய்விடுவோம், அவளுக்குப் போக இடம் கிடையாது. உலை பொங்கி அடுப்பு அணைவதுகூடத் தெரியாமல் நின்றபடியே தூங்குவாள்.

திருச்சி டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். பகலில் அவன் மேல் நல்ல வெளிச்சம் பட வேண்டும், சாயங்காலத்துக்கு மேல் வீடு மங்கலாக வேண்டும் என்பது ஒன்று. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில், படம் காட்டித் தூங்க வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. அப்பாவும் அம்மாவும் இரண்டுக்கும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். ஜன்னலில் இருக்கும் சிமெண்ட் சாக்கு அங்கே யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எங்கள் தெருவில் அது சுவர் மாதிரி, வீட்டோடு சேர்ந்தது.

படம் வரைகிற வேலை எனக்கு வந்தது. காலண்டர் அட்டையில் ஐந்து படம் வரைந்தேன். குளியல், சாப்பாடு, மாத்திரை, அணைந்த பல்பு, பாய். மாத்திரைப் படம்தான் எனக்குச் சரியாக வரவில்லை, இட்லி மாதிரி இருந்தது. தம்பி ஒன்றும் குறை சொல்லவில்லை.

அந்த மாத்திரைக்கு மெலட்டோனின் என்று பெயர். எங்கள் ஊர் மெடிக்கலில் கிடைக்காது. பெரம்பலூரில் ஒரு கடையில் சொல்லி வைத்து, அப்பா பஸ் ஏறிப் போய் வாங்கி வருவார். அம்மா பிளேடால் ஒன்றை இரண்டாக வெட்டி, அரையை வாழைப்பழத் துண்டில் செருகித் தருவாள். என் கையால் கொடுத்தால்தான் தம்பி வாங்கிக்கொள்வான், அதனால் ஊட்டுகிறவள் நான். நாலைந்து நாளில் பத்து மணிக்கே கண் செருக ஆரம்பித்தான். ஆனால் மூன்று மணிக்கு எழுந்துவிடுவான். கொஞ்ச நாள் பொறுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்குப் பொறுக்கத் தெம்பு இல்லை.

ஒருநாள் பள்ளிவிட்டு வந்தபோது அவள் பின்கட்டில் வரதராஜன்பேட்டைச் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியாது.

"சில நாளு என்னென்னமோ தோணுதுடி. ஒரேயடியா அவனைத் தூங்க வெச்சிட்டு நானும் பக்கத்துலயே படுத்துடலாம் போலருக்கு. மாத்திரை கையிலதான இருக்கு."

சித்தி மறுபக்கம் என்ன சொன்னாளோ, அம்மா அழுதாள். தூக்க மாத்திரை பற்றி எனக்கு இருந்த அறிவெல்லாம் டிவி தொடர்கள் தந்தது. அவற்றில் தூக்க மாத்திரை தின்ற யாரும் மறுநாள் காலையில் எழுந்து காபி குடித்ததில்லை.

அன்று ராத்திரியே திருட ஆரம்பித்தேன். அம்மா பழத்தைத் தந்துவிட்டுத் திரும்பியதும் அரை மாத்திரையை விரலால் நோண்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வெறும் பழத்தைத் தம்பிக்கு ஊட்டினேன். மாத்திரை என் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போனது. தம்பி மெல்லுவதை நிறுத்தினான். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினான். பிறகு மூன்றாவது அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். நான் அதை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு விளக்கை அணைத்தேன். தினமும் நீட்டினான். தினமும் மாட்டினேன். அவனைக் காப்பாற்றுகிறேன் என்ற நெஞ்சழுத்தம் எனக்கு.

தம்பி பழையபடி விடிய விடிய நடந்தான். அம்மா கஞ்சியை வடிக்கும்போது கையில் ஊற்றிக்கொண்டாள். குளியலறைக்குப் போகிற வழியில் சுவரில் முட்டிக்கொண்டாள். "இந்த மாத்திரையும் கேக்கலியே" என்று அப்பாவிடம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். தன் திட்டம் பலிக்காத ஆத்திரத்தில் அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். அவ்வளவு கல் மனசு அந்த வயதில் எனக்கு எங்கிருந்து வந்ததோ.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னைக் கூடத்தில் உட்கார வைத்திருந்தாள். நான் பக்கத்து வீட்டுக்குக் கார்ட்டூன் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். அம்மா கையில் வெங்காயத்தோடு சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வீடு அமைதியாக இருந்தது. எங்கள் வீட்டில் அமைதி இருந்ததே இல்லை.

கூடத்து லைட்டைப் போட்டேன். தரையில் என் ஜாமெட்ரி பாக்ஸ் திறந்து கிடந்தது. ஐந்து அட்டையும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. குளியல் அட்டைக்குப் பக்கத்தில் சொம்பு, சுற்றிலும் தண்ணீர். சாப்பாட்டு அட்டைக்குப் பக்கத்தில் வாழைப்பழத் தோல். மாத்திரைப் பட அட்டைக்குக் கீழே அரையோடு அரையைப் பொருத்திச் செய்த முழு வட்டங்கள், ஓரத்தில் ஜோடி இல்லாத ஓர் அரை. கடைசி அட்டைக்குப் பக்கத்தில் பாயை விரித்து, தலை சொட்டச் சொட்டத் தம்பி கிடந்தான். பட்டப்பகலில் கண் மூடாதவன் கண் மூடிக் கிடந்தான். தொட்டேன், அசையவில்லை. உலுக்கினேன், கை தொப்பென்று விழுந்தது.

நான் கத்தவில்லை. எனக்குப் பின்னால் அம்மா கத்தியதில்தான் தெரு கூடியது.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா லுங்கியோடு, செருப்பில்லாமல் ஏறியிருந்தார். அம்மா தம்பியின் நெஞ்சில் காதை வைத்தபடியே வந்தாள். கிளம்புமுன் ஓடிப்போய் அலமாரியைத் திறந்து பார்த்திருந்தாள். பெரம்பலூரில் வாங்கிய மாத்திரை அட்டை பூட்டிய இடத்திலேயே இருந்தது. "அப்ப இது ஏது, இது ஏது" என்று வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தரையில் கிடந்ததை அள்ளி அப்பா துண்டில் முடிந்து வைத்திருந்தார். நான் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டியூட்டி டாக்டர் தம்பியின் கண்ணைப் பிரித்துப் பார்த்தார், நாடி பார்த்தார். துண்டை அவிழ்த்து எண்ணினார்.

"பதினொரு அரை இருக்கு. மொத்தம் எத்தனை இருந்துச்சு? யாருக்காவது தெரியுமா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். உலகத்தில் அந்தக் கணக்குத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொன்னால் தோலை உரித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் தம்பி செத்துவிடுவான்.

"பன்னெண்டு" என்றேன். "நாந்தான் ஒளிச்சு வெச்சேன். தம்பிக்கு நான் குடுக்கவே இல்ல."

டாக்டர் மூச்சை விட்டார். "அப்ப ஒரு அரைதான உள்ள போயிருக்கு? அது அவன் டோஸ்தாம்மா. பயப்படாதீங்க. நீங்க நெனக்கிற தூக்க மாத்திரையே இல்ல இது. பொழுது சாஞ்சா நம்ம ஒடம்பே சுரக்கிற சமாச்சாரம். இவனுக்கு அது லேட்டாவும் கொறச்சலாவும் சுரக்குது. பையன் அசதியில தூங்குறான், அவ்ளோதான். இருந்தாலும் சாயங்காலம் வரை இங்கயே இருக்கட்டும், பாத்துட்டு அனுப்புறேன். மாத்திரைய இனிமே பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க."

பன்னிரண்டு நாளாக நான் கலைத்துவைத்த வரிசையைத் தம்பி தானே சரிசெய்திருக்கிறான். வீடு இருட்டாக இருந்தது, அவனுக்கு அது ராத்திரி. குளித்தான், சாப்பிட்டான், தனக்கு உரிய அரையை மட்டும் எடுத்துக்கொண்டான், படுத்துவிட்டான். எங்கள் நாலு பேரில் டாக்டர் சொன்னபடி நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.

அம்மா என் தோளைப் பிடித்தாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏன்டி குடுக்கல?"

"நீ தம்பியக் கொன்னுட்டு நீயும் செத்துருவன்னு... சித்திக்கிட்ட போன்ல சொன்னல்ல?"

அம்மாவின் கை என் தோளிலிருந்து நழுவியது. அப்படியே ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார், அவளை வெகுநேரம் பார்த்தார்.

நாலு மணிக்குத் தம்பி எழுந்து, டாக்டர் மேஜையில் இருந்த பேனாக்களை உயர வாரியாக அடுக்கினான். அவர் விட்டுவிட்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"மாத்திரை அட்டைய நீங்களே வெச்சிக்குங்க. என் கையில குடுக்காதீங்க."

"அது ஒண்ணும் பண்ணாதுன்னுதான் டாக்டர் சொல்லிட்டாரே."

"அது எனக்கு அப்பத் தெரியாதுல்ல" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கடப்பாரையை எடுத்துக் கூடத்து ஜன்னல் சாக்கைப் பிடுங்கி எறிந்தார். அன்றுமுதல் பகலில் கண்ணுக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கினார். மறுநாளே சித்தி பெட்டியோடு வந்து இறங்கி ஒரு மாதம் இருந்தாள். ராத்திரியில் தம்பியோடு நடக்கும் முறை சித்திக்குப் போனது. அம்மாவை உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்தினார்கள், அவள் மறுநாள் மதியம் வரை தூங்கினாள். மாத்திரை அட்டை அப்பாவின் சாப்பாட்டுப் பையில் ஆலைக்குப் போய் வந்தது. ஷிப்டுக்குக் கிளம்புமுன் ஒரே ஒரு அரையைக் காகிதத்தில் மடித்து என்னிடம் தருவார். அவர் கண்ணெதிரில் அதைச் சித்தியிடம் ஒப்படைப்பேன். அவள் முன்னால் தம்பிக்கு ஊட்டுவேன். எனக்குப் பெரிய பதவி கிடைத்த மாதிரி இருந்தது. வெளிச்சமா, மாத்திரையா, சித்தியா, எது வேலை செய்ததோ, கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பி ஐந்து மணி வரை தூங்கப் பழகினான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி படுக்கும்போது அம்மாவின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்ட பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது.

"நாந்தாம்மா தப்பா நெனச்சிட்டேன்" என்றேன்.

ஆமாம், தப்பாகத்தான் நினைத்தாய் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் தலையை இழுத்துத் தன் கழுத்தடியில் வைத்துக்கொண்டு, உடம்பு நடுங்க நடுங்கக் கிடந்தாள். மாத்திரையைத் திருடியதற்கு ஓர் அடிகூட விழாமல் தப்பித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் நான் தூங்கிப்போனேன்.